வெள்ளச்செல்விக்கு ஒரு வாட்ச்மேன்

பாலாற்றில் வெள்ளம் வந்தால் ஜனங்கள் எப்படி அக்கரை போவார்கள் என்று அரசாங்கத்தில் யாரோ ஒருவருக்கு ஒருநாள் கவலை வந்துவிட்டது. பாலாற்றில் வெள்ளம் வருமா என்ற கவலை அவருக்கு வரவில்லை. அது வேறு இலாகா. ஆகவே எழுபதுகளின் தொடக்கத்தில் பாலாற்றுப் பயணிகள் படகு வாரியம் என்று ஒன்று ஏற்பட்டது. செங்கல்பட்டு ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம், வாரியத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு ஜீப், ஜீப்பின் பின்சீட்டுக்கு ஒரு செயலாளர் என்று எல்லாம் முறைப்படி அமைந்தன. கடைசியாக, மார்ச் மாதத்துக்குள் செலவு செய்யாவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும் என்று யாரோ நினைவூட்டியதால் ஒரு படகும் வாங்கினார்கள்.

இரும்பில் செய்த இன்ஜின் படகு. மேலே கூரை, உள்ளே இரண்டு வரிசை ரெக்சின் இருக்கைகள், 'பெண்கள்' என்று ஒரு பலகை, 'கை தலையை வெளியே நீட்டாதீர்' என்று இன்னொரு பலகை. வெள்ளச்செல்வி என்று பெயர் வைத்து, வயலூர்ப் பக்கம் ஆற்று மணலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் அது நின்றது. வருஷக்கணக்கில் நின்றது. ஜனங்கள் அதன் நிழலில் சற்று இளைப்பாறிவிட்டு, எழுந்து நடந்து அக்கரை போனார்கள்.

இருக்கைகளை யாரும் கழற்றிக்கொண்டு போகாமலிருக்க எல்லப்பன் என்ற இளைஞனைத் தற்காலிக வாட்ச்மேனாகப் போட்டிருந்தார்கள். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்து கிராமத்தில் வேர்க்கடலை பயிரிடும் குடும்பம் அவனுடையது. காக்கிச் சட்டை, கைத்தடி, விசில் மூன்றையும் வாரியம் கொடுத்திருந்தது. மாதாமாதம் வேலையை நீட்டித்து உத்தரவு வரும். வராத மாதம் வேலை இல்லை என்று அர்த்தம்.

படகின் நிழலில் இளைப்பாறியவர்களில் தென்கரைக் கூவத்தூர் பார்வதமும் ஒருத்தி. அவளை எல்லப்பனுக்குப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவள் அப்பா திருவேங்கடம் கூவத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பேச்சில் வளவளப்புக் கிடையாது. பெண் கேட்டுப் போன எல்லப்பனிடம் நேராகவே சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல நைனா. ஆனா, நாளைக்கே வூட்டுக்குப் போன்னா போவணும், அந்த மாதிரி வேலைக்கு எப்பிடிப் பொண்ணு குடுக்கறது? பர்மனென்டு ஆவு. கார்த்திக வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல தாங்காது. மதுராந்தகத்துல ஒரு வாத்தியாரு கேட்டுகினு கீறாரு."

எல்லப்பன் செங்கல்பட்டுக்குப் போய்ச் செயலாளர் சதாசிவத்தைப் பார்த்து, வேலையை நிரந்தரமாக்கும்படி கேட்டான். ஓடாத படகுக்கு வாட்ச்மேனே எதற்கு என்று மேலே பேச்சு நடக்கிறது என்றார் அவர். சதாசிவம் அப்போதுதான் டில்லியில் ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பியிருந்தார். வாழ்நாளில் அவர் முழுசாகக் கேட்ட ஒரே பேச்சு அங்கே நடந்தது. வெளிநாட்டில் பழைய பயணிகள் கப்பலைக் கடலில் மூழ்கடிக்கிறார்கள், அதில் பாசி படர்ந்து மீன்கள் குடியேறுகின்றன, முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் உள்ளே இறங்கி வேடிக்கை பார்க்கிறார்கள் என்று ஒரு வெள்ளைக்காரர் படம் போட்டுக் காட்டியிருந்தார்.

அடுத்த வாரம் வாரியக் கூட்டத்தில் சதாசிவம் எழுந்து பேசினார். "நமது படகு இதுவரை தண்ணீரையே பார்த்ததில்லை என்று எதிர்க்கட்சி நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இனிமேல் அது தண்ணீரைத் தவிர வேறு எதையும் பார்க்காது. மேல்நாட்டார் ஓட்டைக் கப்பலை மூழ்கடித்தே இவ்வளவு சாதித்திருக்கிறார்கள். நம்முடையதோ ஒரு கஜ தூரம்கூட ஓடாத புத்தம்புதிய படகு. அப்படியானால் நமது சாதனை எத்தனை மடங்கு என்று அங்கத்தினர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்."

அங்கத்தினர்கள் யோசித்துப் பார்க்காமல் கைதட்டினார்கள். தலைவர் பக்தவச்சலம் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். "மூழ்கின பிறகு அதைப் பயணிகள் படகு என்று சொல்லலாமா? அப்படிச் சொல்ல முடியாது என்றால் வாரியம் எதற்கு, நான் எதற்கு?"

"மீன்கள் வந்து உட்காருமே, ஐயா. அவை பயணிகள்தான்" என்றார் சதாசிவம்.

தலைவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். மீன்கள் வாரியத்தின் பயணிகளே என்று அன்றைக்கே தீர்மானம் நிறைவேறியது. பயணிகள் இருந்தால் படகு உண்டு, படகு உண்டானால் வாட்ச்மேனும் உண்டு. எல்லப்பனின் வேலை தப்பியது.

வெள்ளச்செல்வியை டிராக்டர் வைத்து மணலில் இழுத்து, முகத்துவாரத்தில் கடலில் இறக்கி, மாமல்லபுரத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். கடற்கரைக் கோயில் விரல் உயரத்துக்குத் தெரியும் தூரம். எல்லப்பனைக் கூட்டிப்போய் வருவதற்குக் கட்டுமரத்தோடு அமர்த்தப்பட்டவர் மாமல்லபுரம் மீனவர் குப்பத்து மூர்த்தி. அதிகாரிகள் லாஞ்ச் என்கிற விசைப்படகில் வந்தார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, படகின் அடியில் இருந்த அடைப்பைத் திறந்தார்கள். தண்ணீர் உள்ளே வந்தது. படகு கொஞ்சம் தாழ்ந்தது. அதற்குமேல் இறங்க மறுத்துவிட்டது.

"எப்பிடி முழுவும்? சீட்டுக்கு அடியில பூரா மெதவைய அடச்சி வச்சிகினு கீறாங்க. அத்தக் கழட்டிப் போடச் சொல்லு அண்ணாத்த" என்றார் மூர்த்தி.

எல்லப்பன் இதைப் பணிவாகச் சொன்னான். சதாசிவம் பாதுகாப்பு விதிகளைப் புரட்டினார். பயணிகள் படகு மூழ்கும் அபாயத்தில் இருக்கும்போது உயிர்காக்கும் மிதவைகளை எக்காரணம் கொண்டும் அகற்றலாகாது என்று அதில் தெளிவாக இருந்தது. படகு மூழ்கும் அபாயத்தில்தான் இருந்தது. அதற்காகத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆகவே மிதவைகளைத் தொட முடியவில்லை. வெள்ளச்செல்வி பல நாட்கள் கழுத்தளவு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. தினமும் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, கரையில் வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் பாதுகாப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, இந்தப் படகு மூழ்கும் அபாயம் சிறிதும் இல்லை என்று சான்றிதழ் வாங்கினார்கள். அபாயம் நீங்கியதால் மிதவைகளை அகற்றினார்கள். வெள்ளச்செல்வி உடனே மூழ்கியது.

மறுநாள் எல்லப்பன் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக் காவல் காத்தான். அதற்கு ஆட்சேபம் வந்தது. காவலாளி தன் பணியிடத்தில் இருக்க வேண்டும், பணியிடம் படகு, படகு கடலுக்கு அடியில். வாரியம் பம்பாயிலிருந்து ஒரு செட் ஸ்கூபா சாமான் தருவித்தது. காற்று உருளை, முகமூடி, வாயில் கவ்விக்கொள்ளும் குழாய், காலுக்கு ரப்பர் துடுப்பு. கற்றுக்கொடுக்கத் துறைமுகத்தில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்ற செங்கல்வராயன் வந்தார்.

பயிற்சி எல்லப்பனின் ஊரில், பம்புசெட் கிணற்றில் நடந்தது. ஊரே கிணற்றைச் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கிணற்று நீச்சல் எல்லப்பனுக்குச் சின்ன வயசிலேயே தெரியும். கிணற்றடியில் உட்கார்ந்து மூச்சு விட்டது ஒன்றுதான் புதிது. உள்ளே இருந்து குமிழி வரும்போதெல்லாம், பையன் உயிரோடுதான் இருக்கிறான் என்று பெரியவர்கள் அவன் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

"கெணத்துல பயம் இல்ல சார். புடிச்சிக்க சொவுரு கீது. கடல்ல எதப் புடிக்கறது?" என்று கேட்டான் எல்லப்பன்.

"வாயில இருக்கிற குழாயைப் பிடிச்சுக்க. மத்ததெல்லாம் விட்டுடு" என்றார் செங்கல்வராயன்.

முதல் நாள் கட்டுமரத்தில் காக்கி யூனிபாரத்துக்கு மேல் உருளையைக் கட்டிக்கொண்டு, கைத்தடியும் விசிலுமாக எல்லப்பன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மூர்த்தி துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டார்.

"கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காத அண்ணாத்த. இருட்டுல, அத்தினி தண்ணிக்கு அடியில, எவன் வந்து இன்னாத்தத் தூக்கினு போவப் போறான்?"

"அதான் ஒருத்தனும் தூக்கினு போவாம பாத்துக்கறேனே."

"சரிதான். நீ வேலைக்கு ஏத்த ஆளுதான்."

எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழுந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். காது வலித்தது. கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பார்வதத்தை நினைத்துக்கொண்டான். மதுராந்தகத்து வாத்தியாரையும் நினைத்துக்கொண்டான். அது இன்னும் உதவியாக இருந்தது. பிறகு கால் எதிலோ தட்டியது. கண்ணைத் திறந்தான்.

மூழ்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் கூரையெல்லாம் பச்சைப் பாசி. உள்ளே எட்டிப் பார்த்தான். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெரிய கலவா மீன் வாயை மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டு, புறப்பட நேரமாகவில்லை என்பது போல் உட்கார்ந்திருந்தது. 'பெண்கள்' பலகைக்குக் கீழே மஞ்சள் வரி போட்ட சின்ன மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பாரை மீன் கூட்டம் ஒன்று ஒரு வாசல் வழியாக ஏறி மறு வாசல் வழியாக இறங்கிப் போயிற்று. கை தலையை வெளியே நீட்டாதீர் என்ற பலகைக்கு மேலே ஒரு விலாங்கு தலையை நீட்டிப் பார்த்தது.

எல்லப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருஷம் அந்த மணலில் இந்த இருக்கைகளைத் துடைத்திருக்கிறான். ஒரு மனுஷர்கூட டிக்கெட் வாங்கி அதில் உட்கார்ந்ததில்லை. இன்றைக்குப் படகு நிறைந்திருந்தது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். அப்படியே மேலே வந்தான்.

"இன்னா அண்ணாத்த, கண்ணு செவந்து கீது?"

"எடமே இல்ல மச்சான்" என்றான் எல்லப்பன். "நிக்கக்கூட எடமில்ல."

அதற்குப் பிறகு அவனுக்குக் கடல் பயமாக இல்லை. உருளையில் காற்று தீரும்வரை கீழே இருப்பான். மீதி நேரம் கட்டுமரத்தில். படகுக்கு நேர் மேலே உள்ள கடல்பரப்பு படகின் மேல்தளமாகக் கருதப்படும் என்று சதாசிவம் ஓர் உத்தரவு போட்டு அதைச் சரிப்படுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றத்தில் பார்வதத்தைச் சந்திக்கும்போது கீழே பார்த்ததையெல்லாம் சொல்வான். யார் எந்த சீட்டில் என்று அவள் விசாரிப்பாள்.

"கலவா எறங்கவே இல்லியா இன்னும்?"

"எறங்குமா? அதான் டிரைவரு."

"எல்லாருக்கும் எடம் குடுத்துட்ட. எனுக்குத்தான் எப்பன்னு தெரில" என்பாள் பார்வதம். எல்லப்பனுக்கு முகம் விழுந்துவிடும்.

ஐப்பசி தொடங்கும் முன்பு தலைவர் படகைப் பார்வையிட வருவதாக அறிவிப்பு வந்தது. மீன்களைக் காணாமல் தலைவர் திரும்பினால் தன் கதி என்ன என்று சதாசிவம் கலங்கிப்போய் திருக்கழுக்குன்றத்துக்கு வேண்டிக்கொள்ளப் போனார். மலைமேல் உச்சிவேளையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு கூப்பிட, கழுகுகள் வட்டமிட்டு இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போயின. சதாசிவம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரசாதத்தைக்கூட வாங்காமல் படியிறங்கி ஓடிவந்தார்.

"எல்லப்பா, ஆகாயத்துல போற கழுகே டயத்துக்கு வருது. நம்ம பயணிகள் வர மாட்டாங்களா? நாளையிலேருந்து உச்சிவேளையில பொங்கல் போடு. பழக்கு."

வாரியச் செலவில் தினமும் ஒரு தூக்கு சர்க்கரைப் பொங்கல் கடலுக்குப் போயிற்று. முதல் கவளத்தை எல்லப்பன் தண்ணீரில் போடுவான். மீதியை மூர்த்தி பார்த்துக்கொள்வார்.

"மீனுக்கு நெய்யி ஒத்துக்காது அண்ணாத்த. பேஜாராப் பூடும்" என்பார்.

தலைவர் வந்த நாளில் கடல் கொஞ்சம் குலுங்கியது. லாஞ்சின் நடுவில் நாற்காலி போட்டு மாலையோடு தலைவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்தான் தெரிந்தது. உச்சிவேளை நெருங்கியது. எல்லப்பன் பொங்கலைப் போட்டான். ஒரு மீனும் வரவில்லை. சதாசிவத்துக்கு வியர்த்தது. அந்த நேரத்தில் லாஞ்ச் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர, தலைவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்ட நாஸ்தா முழுவதையும் கடலில் வாந்தி எடுத்தார். அடுத்த நொடி தண்ணீர் கொதித்தது. எங்கிருந்தோ மீன்கள் திரள் திரளாக மேலே வந்து மொய்த்தன.

"பாருங்கள் ஐயா, சரியாகப் பன்னிரண்டு மணி" என்றார் சதாசிவம்.

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினார். "எனக்கு மிகவும் மகிழ்ச்சி. மக்களுக்கு நான் கொடுத்தது எதுவும் இவ்வளவு விரைவாக அவர்களைச் சேர்ந்ததில்லை. ஆனால் இவை நம் படகு மீன்களா, வெளி மீன்களா? படகு கீழேதான் இருக்கிறதா? நாளைக்குச் சட்டசபையில் கேட்டால் நான் என்ன சொல்வது? யாராவது பார்த்துச் சான்று தர வேண்டும்."

எல்லோரும் எல்லப்பனைப் பார்த்தார்கள். அவன் இறங்கினான். சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வந்து, படகு இருக்கிறது, நிறைய மீன் இருக்கிறது என்றான்.

சதாசிவம் தலையைச் சொறிந்தார். "இதுல ஒரு சிக்கல் இருக்கு ஐயா. இவன் தற்காலிகம். தற்காலிக ஊழியர் சொல்றதை வாரியம் சான்றா ஏத்துக்க முடியாது. நிரந்தர ஊழியர் யாராவது இறங்கிப் பார்க்கணும்."

லாஞ்சில் இருந்த நிரந்தர ஊழியர்கள் எல்லோரும் அவசரமாக அடிவானத்தைப் பார்த்தார்கள். பொறியாளருக்குக் காதில் சீழ். கணக்கருக்கு விரதம். மேற்பார்வையாளர் தன் ஜாதகத்தில் ஜலகண்டம் இருப்பதாகச் சொன்னார். தலைவர் மறுபடியும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சீக்கிரம் எதையாவது செய்யுங்கள், கரைக்குப் போக வேண்டும்" என்றார். "இவனை நிரந்தரமாக்கினால் என்ன?"

நடுக்கடலில் உத்தரவு எழுதப்பட்டது. எல்லப்பன் நிரந்தரமானான். நிரந்தரமானவனாக மறுபடி இறங்கச் சொன்னார்கள். இறங்கினான். அதே கலவா அதே இருக்கையில் இருந்தது. அதனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. விசிலை எடுத்து, வாய்க் குழாயைக் கழற்றி, ஊதியே பார்த்தான். குமிழிதான் வந்தது. மேலே வந்து முன்பு சொன்னதையே சொன்னான். இந்தத் தடவை எல்லோரும் நம்பினார்கள்.

திருவேங்கடம் சொன்ன சொல் தவறவில்லை. கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில், கூவத்தூரில், பெண் வீட்டுப் பந்தலில் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. அதற்கு இரண்டு நாள் முன்பு மழை பிடித்துக்கொண்டது. கல்யாணத்தன்று காலையில், மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசையோடு ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தபோது, பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வாரியத்தின் காலத்தில் பாலாற்றில் வெள்ளம் வந்தது அதுதான் முதல் தடவை. கரையில் ஜனங்கள் நின்றார்கள். செங்கல்பட்டுப் பாலம் வழியாகச் சுற்றிப் போகலாமென்றால் வழியில் ஏரி உடைந்து பஸ் நின்றுவிட்டது. அக்கரையில் பந்தல் தெரிந்தது. பெண் வீட்டு மேளச் சத்தம்கூடக் கேட்டது. மதுராந்தகத்து வாத்தியாரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். அவருக்கு ஆறு குறுக்கே இல்லை. முன் வரிசையில் வேட்டி சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். நேரம் ஆக ஆக, திருவேங்கடம் அவரை அடிக்கடி பார்க்கத் தொடங்கினார்.

"யோவ், நீ படகு வாரியத்து ஆளுதானே? படகு எங்கய்யா?" என்று கரையில் நின்ற ஒருவர் மணமாலையும் பட்டுவேட்டியுமாக நின்ற எல்லப்பனைக் கேட்டார்.

"கடலுக்கு அடியில கீதுங்க" என்றான் எல்லப்பன். அவனுக்கு அப்போது அவமானமாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு வந்திருந்த மூர்த்தி புதுச் சட்டையைக் கழற்றி எல்லப்பன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சதுரங்கப்பட்டினம் குப்பத்தைப் பார்த்து ஓடினார். அங்கே அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். முகத்துவாரம் வழியாக இரண்டு மீன்பிடி படகுகள் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளை, சீர்வரிசை, நாதஸ்வரக்காரர், எல்லோரையும் ஏற்றினார்கள். படகு இரண்டு தடவை சுழன்றது. பெண்கள் சாமி பெயர்களைச் சொன்னார்கள். எல்லப்பனுக்குப் பயம் வரவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே பயம் அக்கரையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தது.

முகூர்த்தம் முடிய இருந்த நேரத்தில், தொப்பலாக நனைந்த மாப்பிள்ளை தாலி கட்டினான். மீன் வாடை அடித்தது. பார்வதம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். வாத்தியார் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தை பிறந்ததும் வாரியத்திலிருந்து எல்லப்பனுக்கு மெமோ வந்தது. வாரியத்தின் நிரந்தர ஊழியரான தாங்கள், வாரியத்தின் எல்லைக்கு உட்பட்ட ஆற்றில், வாரியத்தின் படகில் செல்லாமல், அனுமதி பெறாத தனியார் படகில் குடும்பத்தோடு பயணம் செய்து வாரியத்துக்குக் களங்கம் விளைவித்ததற்குத் தங்களை ஏன் வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார் சதாசிவம்.

எல்லப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. நிரந்தர வேலை போனால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. காகிதத்தை வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தான். பார்வதம் மெமோவை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"அவுங்க படகுல ஏன் போவலன்னு கேக்கறாங்க. அவ்ளோதானே?"

"அது கடலுக்கு அடியில கீதுன்னு அவுங்களுக்கே தெரியும்."

"அத வுடு. அதுல எடம் கீதா?"

"ஏது எடம்? நிக்கக்கூட எடமில்ல."

"அதையே எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மேற்படி தேதியில் வாரியப் படகில் எல்லா இருக்கைகளிலும் வாரியத்தின் பயணிகள் அமர்ந்திருந்தபடியாலும், நின்றுகொண்டு பயணம் செய்ய விதியில் இடமில்லாதபடியாலும், வேறு படகில் செல்ல நேர்ந்தது என்று எல்லப்பன் எழுதிக் கொடுத்தான். சான்று சொன்னவன் நிரந்தர ஊழியர் என்பதால் வாரியம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

வேலை தப்பியது. அந்தப் பதிலை வாரியக் கூட்டத்தில் படித்தார்கள். படகு நிரம்பி வழிவதைக் கேட்டுத் தலைவர் கண்கலங்கினார். மூழ்கடிப்பதற்கு இன்னொரு படகு வாங்கத் தீர்மானம் போட்டார்கள். சதாசிவம் மட்டும் எல்லோரும் போன பிறகு அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். ஏதோ உறுத்தியது. பேனாவைத் திறந்து ஓரத்தில் எழுதினார்: 'இத்தனை பேருக்கும் டிக்கெட் ஏன் கொடுக்கப்படவில்லை? வாட்ச்மேன் விளக்கம் தர வேண்டும்.'